கூட்டம் 'ரோஜர்' என்றது, அவர் காதில் 'நோவாக்' என்று விழுந்தது

தோற்றவர் எடுத்த புள்ளிகள் 218. வென்றவர் எடுத்தது 204. எதிராளி தொடவே முடியாதபடி அடித்த வின்னர்களிலும் தோற்றவருக்கு 94, வென்றவருக்கு 54. 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தின் கணக்கு இது. தாளில் மட்டும் பார்த்தால் கோப்பை ரோஜர் ஃபெடரர் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

ஐந்தாவது செட்டில் 8-7, 40-15. சர்வ் ஃபெடரருடையது. இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகள் கையில். சென்டர் கோர்ட்டே அவர் பெயரைச் சொல்லி அதிர்ந்துகொண்டிருந்தது. முதல் வாய்ப்பில் ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. அடுத்ததில் அவர் வலையை நோக்கி ஏறி வந்தார். நோவாக் ஜோகோவிச் குறுக்கே அடித்த பந்து அவரைக் கடந்து போய் விழுந்தது. கடைசியில் 12-12 டைபிரேக், 7-3. நான்கு மணி 57 நிமிடம் நடந்த ஆட்டத்தில் மூன்று டைபிரேக்குகளையும் ஜோகோவிச்தான் எடுத்தார்.

அந்தக் கூச்சலை எப்படித் தாங்கினீர்கள் என்று பிறகு அவரிடம் கேட்டார்கள். கூட்டம் 'ரோஜர்' என்று கத்தும்போது தனக்கு 'நோவாக்' என்று கேட்கும்படி மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். கேட்க அசட்டுத்தனமாக இருக்கலாம், ஆனால் அப்படித்தான் என்றும் சொன்னார்.

எனக்கு அதில் அசட்டுத்தனம் தெரியவில்லை. பதினைந்தாயிரம் பேரின் வாயை அவரால் மூட முடியாது. ஆனால் அந்தச் சத்தம் காதுக்குள் நுழைந்ததும் 'இங்கே யாருக்கும் நான் வேண்டாம்' என்று ஒரு வாக்கியமாக மாறுகிறதே, அது அவர் மனம் எழுதுவது. எழுதியவரே திருத்தி எழுதலாம். அவர் திருத்தினார்.

நம் ஊர் கோர்ட்டுகளில் ஜூனியர் ஆட்டங்களைப் பார்க்கப் போனால் ஸ்கோரைவிட பிள்ளைகளின் முணுமுணுப்பைத்தான் கவனிப்பேன். "எனக்கு பேக்ஹேண்டே வராது." "முக்கியமான பாயின்ட்னா எப்பவும் சொதப்பிடுவேன்." தவறிப்போனது ஒரே ஒரு பந்து, தீர்ப்போ ஆயுளுக்கும். வராது, எப்பவும், என்னைக்குமே என்ற சொற்கள் பந்தைப் பற்றியவை அல்ல, பிள்ளையைப் பற்றியவை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 'நீதான் சாம்பியன்' என்று அங்கே போய்த் தட்டிக்கொடுப்பதாலும் பெரிய பயன் இல்லை; அடுத்த டபுள் ஃபால்ட்டிலேயே அந்தச் சொல் பொய்யாகிவிடும்.

விளையாட்டு வீரர்கள் தமக்குத் தாமே பேசிக்கொள்வதைப் பற்றிய 32 ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியானது. நுட்பமான அசைவு தேவைப்படும் செயல்களில் வெறும் உற்சாகச் சொற்களைவிட, செய்ய வேண்டியதைச் சொல்லும் சொற்கள் அதிகம் உதவின என்பது அதன் முடிவுகளில் ஒன்று. 'முழங்காலை மடக்கு', 'பந்தைப் பார்', 'தோளைத் திருப்பு'. 'எனக்கு வராது' இருந்த இடத்தில் இவை உட்கார வேண்டும். சின்னச் சொற்கள்தான். ஆனால் காலுக்கும் கைக்கும் உடனே ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

மன உறுதி தனக்குப் பிறவி வரம் என்று சொல்வதை ஜோகோவிச் ஏற்பதில்லை, அது உழைத்து வந்தது என்பார். கோர்ட்டில் அவருக்கும் கோபம் வருகிறது, ராக்கெட்டை உடைக்கிறார், தன் குழுவினரைப் பார்த்துக் கத்துகிறார். அந்த மனநிலையில் அதிக நேரம் தங்காமல் திரும்பிவிடுவதுதான் தன் பலம் என்கிறார். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தொழில்முறை டென்னிஸில் கிடைப்பது 25 விநாடி. திரும்பி வருவதற்கான நேரம் அவ்வளவுதான்.

அன்று தோற்ற ஃபெடரருக்கும் இழந்த புள்ளியிலிருந்து இப்படித் திரும்பி வருவது தெரியாததல்ல. 2024-ல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கை அவரே சொன்னார்: ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் வெற்றி. அவற்றில் அவர் எடுத்த புள்ளிகள் 54 சதவீதம் மட்டுமே. கிட்டத்தட்ட ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை இழந்துகொண்டேதான் அவர் ஃபெடரராக இருந்திருக்கிறார். 'எப்பவும் சொதப்பிடுவேன்' என்று முணுமுணுக்கும் அந்தப் பிள்ளையிடம் நான் காட்ட விரும்பும் எண் இதுதான்.