மதிப்பு விளியும் உறவெல்லையும்: சோசெகியின் ‘கொகொரோ’

ஜப்பானிய மதிப்புரைகளைத் தமிழின் உயர்வுப்பன்மையோடு ஒப்பவைத்து விளக்குவது எளிது. எனினும் அவ்விளக்கம் பாதி வழியே செல்லும். தமிழில் எவரிடம் பேசினும் ‘தாத்தா வந்தார்’ என்பதே வழக்கு. மதிப்பு, பேசப்படுபவரைச் சார்ந்து நிற்கிறது. ஜப்பானியத்திலோ வீட்டினுள் ‘ஒஜீசான்’ என மதிப்போடு விளிக்கப்படும் தாத்தா, அயலார்முன் ஒட்டேதுமின்றி ‘சொஃபு’ ஆகிறார். தம்மவரைப் பிறர்முன் உயர்த்திப் பேசலாகாது என்பது நெறி. இவ்வெல்லையின் இருபுறங்களும் ‘உச்சி’, ‘சொதோ’ எனப்படும். அகம், புறம் என இவற்றைப் பெயர்க்கலாமாயினும் சங்கத் திணைப் பாகுபாட்டை இங்கு நினைத்தல் வேண்டா.

நாத்சுமே சோசெகி 1914இல் ‘அசாஹி’ நாளிதழில் தொடராக எழுதிய ‘கொகொரோ’ புதினம் இவ்வெல்லையின்மேல் நடக்கிறது. கதை கூறும் மாணவன் தான் மதிக்கும் மனிதரைச் ‘சென்செய்’ என்றே குறிக்கிறான். பெயரை இறுதிவரை வெளியிடுவதில்லை. அந்நியத்தன்மை தோன்றும் தலைப்பெழுத்தையும் அவன் விரும்பவில்லை. சென்செயோ தம் மடலில் இறந்த நண்பனைக் ‘கே’ என்னும் எழுத்தாலேயே சுட்டுகிறார். இம்முரண் திறனாய்வாளர் பலராலும் பேசப்பட்டதே.

அதனினும் நுட்பமானது சென்செயின் மனைவியைக் குறிக்கும் சொற்களின் மாற்றம். மாணவன் கூற்றில் அவர் ‘ஒகுசான்’, அதாவது பிறர் மனைவியை மதிப்போடு குறிக்கும் சொல். சென்செயின் மடலில் அச்சொல் அப்பெண்ணின் தாய்க்கு உரியதாகிறது. அவரோ முன்னும் பின்னும் மதிப்பொட்டுப் பெற்ற ‘ஒஜோசான்’. மணம் முடிந்ததும், இனி அவ்வாறு கூறுதற்கில்லை எனச் சென்செயே இடைநின்று உரைத்து, ஒட்டற்ற ‘மனைவி’ என்னும் சொல்லுக்கு மாறுகிறார். இது மதிப்பிழப்பன்று; அவர் எல்லைக்குள் வந்துவிட்டார் என்பதன் அடையாளம்.

ஆயின், உள்ளே வந்த அம்மனைவியிடமிருந்தே நண்பனின் சாவுக்குப் பின்னுள்ள உண்மை மறைக்கப்படுகிறது. புறத்தவனான மாணவனுக்கு அது முழுதும் எழுதப்படுகிறது. மனைவி அறியலாகாது என்னும் வேண்டுகோளும் உடன் வருகிறது. சொல் வகுக்கும் அகமும் நெஞ்சம் வகுக்கும் அகமும் ஒன்றுக்கொன்று எதிராகின்றன. புதினத்தின் துயரம் இவ்விடத்தில்தான் உள்ளது எனலாம்.

தமிழாக்க முனைவோர்க்கு இடர் எழுவதும் இங்கேயே. ஜப்பானிய வினை பாலோ எண்ணோ காட்டாது. தமிழ் வினைமுற்றோ ‘வந்தாள்’, ‘வந்தார்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். மணத்திற்குமுன் ‘வந்தார்’ என்றும் பின் ‘வந்தாள்’ என்றும் பெயர்த்தால், தமிழ் வாசகர் கணவனின் அலட்சியத்தையே காண்பர். ஈறுகளை மாற்றாது வைத்து, பெயர்ச்சொற்களை மட்டும் மூலத்தில் உள்ளவாறு மாறவிடுதலே தக்கது.