துணைநூற்பட்டியலில் தமிழ்ப் பெயர்கள்

ஆய்விதழ்கள் பலவும் அமெரிக்க உளவியல் கழகத்தின் மேற்கோள் முறையைக் கோருகின்றன. அம்முறை குடும்பப் பெயரை முதலில் நிறுத்துவது. குடும்பப் பெயர் வழக்கம் பெரிதும் இல்லாத தமிழர்க்கு அதனை அவ்வாறே பொருத்தலாமா என்பதே நம் வினா.

பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’ இதழின் ஆசிரியராக விளங்கிய நாகூர் குலாம் காதிறு நாவலரை (1833–1908) எடுத்துக்கொள்வோம். ‘நாகூர்’ ஊர்ப்பெயர், ‘நாவலர்’ சிறப்புப்பெயர், ‘குலாம் காதிறு’ என்னும் இரு சொல்லும் சேர்ந்ததே இயற்பெயர். இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்வோர் இவரை ‘நாவலர், நா. கு. கா.’ என்று பதிவர். அப்பட்டியலில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் இவரும் ஒரே குடும்பத்தார்போல் தோன்றுவர். ‘குலாம்’ என்று தேடும் மாணவருக்கோ நூல் அகப்படாது.

இன்றைய மலேசிய ஆய்வாளர் நிலையும் இதுவே. அடையாள அட்டையில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பவற்றின் பின் வருவது தந்தை பெயர். அதனைக் குடும்பப் பெயராகக் கொண்டால் மகள் செய்த ஆய்வு தந்தை பெயரில் பதிவாகும்.

ஒழுங்குமுறை வேண்டா என்பது நம் கருத்தன்று. இயற்பெயரைப் பிரிக்காது முதலில் நிறுத்தி, தலைப்பெழுத்தைப் பின்னே தருக: ‘வரதராசன், மு.’ என்பது போல. ஊரும் பட்டமும் இயற்பெயரின் பின் அமைக. ஆய்வாளரும் தம் பெயரை எங்கும் ஒரே வடிவில் எழுதுக. மேற்கோள் காட்டுதல் அறிவுக்கடனை ஒப்புக்கொள்ளுதல். அக்கடன் உரியவர் பெயரிலேயே எழுதப்பட வேண்டும்.