எண்ணுக்குப் பின்னால் நிற்கும் கேள்வி

செயற்கை நுண்ணறிவு தொழில்துறையில் எவ்வளவு பரவியுள்ளது? ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை, மெக்கின்சி நிறுவனத்தின் கருத்தாய்வை எடுத்தாண்டு, 2024இல் 78 விழுக்காடு என்கிறது. அமெரிக்கக் குடிக்கணக்குத் துறையோ அதே ஆண்டு பிப்ரவரியில் 5.4 விழுக்காடு என்றது. முன்னது பல நாடுகளைத் தழுவியது. பின்னது ஒரு நாட்டுக்குரியது. ஆயினும் அவ்வேற்றுமை மட்டும் இத்துணைப் பெரிய இடைவெளியை உண்டாக்காது. கேள்வியே வேறு. முன்னதில், 'எங்கள் நிறுவனத்தின் ஏதேனும் ஒரு பிரிவில் உண்டு' என அலுவலர் ஒருவர் கூறினால் போதும். பின்னது சிறு நிறுவனங்களையும் சேர்த்து, கடந்த இரண்டு வாரங்களில் பொருளையோ சேவையையோ ஆக்குவதில் பயன்படுத்தினீரா என்று வினவிற்று.

தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு இது புதிதன்று. பிரட்டில் பேர் கொடுத்தவர் தொகை ஒன்று. ஸ்டோரில் நிறுத்த பாலின் எடை மற்றொன்று.

சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் சிறு, நடுத்தர நிறுவனங்களைத் தனியே எண்ணியது பாராட்டத்தக்கது. அவற்றுள் 2023இல் 4.2ஆக இருந்தது 2024இல் 14.5 விழுக்காடாயிற்று. பெருநிறுவனங்களிலோ 44இலிருந்து 62.5ஆக உயர்ந்தது. கலந்து ஒரே எண்ணாகத் தந்திருந்தால் இவ்விடைவெளி நம் கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

இனி நம் துறைக்கு வருவோம். பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் 2024ஆம் ஆண்டு ஆசிரியர் ஆய்வில், சிங்கப்பூர் ஆசிரியர் நால்வருள் மூவர் இதனைப் பயன்படுத்தியோராகக் காணப்பட்டனர். உறுப்பு நாடுகளின் சராசரி ஏறத்தாழ மூவருள் ஒருவரே. பெருமைதான். ஆனால் அவ்வெண் தொடக்கப் பள்ளிக்கு அடுத்த நிலையில் கற்பிப்போரைப் பற்றியது. ஓராண்டில் ஒருமுறை தொட்டவரும் நாள்தோறும் கையாள்பவரும் அதில் ஒன்றே. எந்த மொழியில் என்பதும் அதில் தெரியாது.

தமிழாசிரியர்க்கு அதுவே தலையாய கேள்வி. எம் பள்ளி ஆசிரியை ஒருவர் வலிமிகும் இடங்களுக்கு ஒரு பயிற்சித்தாளை இக்கருவியிடம் பெற்றார். பத்து வினாக்களுள் மூன்றில் விடை பிழை. ஒன்றில் வினாவே பிழை! திருத்துவதற்கு ஒரு மாலைப்பொழுது சென்றது. தாமே எழுதியிருந்தால் அரைமணி போதும். கணக்கெடுப்பாளர் வந்தால் அவரும் 'பயன்படுத்தினார்' என்றே பதிவாவார். அவ்வெண்ணைக் கண்டு, இனித் தமிழ்ப் பயிற்சி நூல்களுக்குப் பணம் வேண்டா என ஓர் அலுவலர் முடிவுசெய்தால் அவரைக் குறைகூற இயலுமா?

ஆதலின் நம் தமிழாசிரியர் சங்கங்கள் தாமே இக்கணக்கை எடுத்தல் வேண்டும். எந்த மொழியில், எப்பணிக்கு, திருத்த எத்தனை நிமிடம் என மூன்று வினா போதும்; ஒரு பள்ளித் தவணையில் முடிந்துவிடும்.