நிற்கக்கூடாத சாலையும் நிறுத்திவைத்த சாலையும்

மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சாலைவழி சுமார் 240 கி.மீ. தமிழ்நாட்டு நான்குவழிச் சாலையில் ஒரு லாரி டிரைவர் அரைநாளுக்குள் முடித்துவிடுகிற தூரம். அந்தமான் டிரங்க் ரோட்டில் அந்தக் கணக்கு செல்லாது. கப்பலில் வந்திறங்கிய அரிசியும் சிமெண்டும் வடக்கே வரவும், பாக்கும் தேங்காயும் தெற்கே போகவும் ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தைத் தாண்டியாக வேண்டும்.

தெற்கே போகும்போது அதற்கு முன்னால் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் கடல் குறுக்கிடுகிறது. சுமை லாரியைப் படகில் ஏற்றுவது தனி வித்தை. கிளீனர் இறங்கிக் குரல் கொடுக்க, சாய்தளத்தில் அங்குலம் அங்குலமாக ஏற்றி, கியரில் போட்டு, கைபிரேக் இழுத்து, டயருக்குக் கட்டை கொடுக்க வேண்டும். அக்கரை சேர்ந்ததும் கான்வாய் கிளம்பும் நேரத்துக்குக் காத்திருப்பு. பிறகு ஜிர்காடாங் வரை ஏறத்தாழ 50 கி.மீ., காவல்துறை துணையோடு. 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது, முந்தக்கூடாது, நிறுத்தக்கூடாது, ஜாரவாக்களுக்குத் தின்பண்டம் கொடுக்கவோ அவர்களை வண்டியில் ஏற்றவோ கூடாது. இந்த விதிகள் நியாயமானவை. அது அவர்கள் காடு. ஆகவே புறப்படுமுன் டயர், பிரேக், தார்ப்பாய்க் கயிறு எல்லாவற்றையும் பார்த்துவிடுவது இங்கே கூடுதல் கடமை. நடுவழியில் இறங்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்புக்கே இடமில்லை.

இலங்கையின் ஏ9 வீதியில் நிலைமை நேர்மாறு. தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி யாழ்ப்பாணம் போகும் லொறிச் சாரதி முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போவது அரிது. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்து, சக்கரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஏறுவார். வழிபாடும் ஓய்வும் வண்டிப் பரிசோதனையும் ஒரே நிறுத்தத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அதே வீதி சாரதிகளை வதைத்த காலமும் உண்டு. போரால் மூடப்பட்டிருந்த ஏ9, 2002 ஏப்ரலில் திறந்தது. அடுத்த மாதமே, மே 7 அன்று, அந்தமான் டிரங்க் ரோட்டின் ஜாரவா பகுதியை மூடச் சொன்னது இந்திய உச்ச நீதிமன்றம். ஆனாலும் அங்கே வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஏ9 மட்டும் 2006 ஆகஸ்டில் மறுபடி அடைபட்டு, போர் முடிந்த 2009இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. 2002 முதல் 2006 வரை திறந்திருந்த நான்கு ஆண்டுகளில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் சுமையை இறக்கிக் காட்டி, திரும்ப ஏற்றி, எதிர்த்தரப்பான புலிகளின் சாவடியில் வரியும் கட்டி நகர்ந்தன லொறிகள். அந்நாட்களில் ஸ்டியரிங் பிடித்ததைவிட வரிசையில் நின்றதுதான் சாரதியின் பெரிய வேலை.

இரு நாட்டிலும் கணக்கில் வராமல் போவது இந்தக் காத்திருப்புதான். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வகுத்தது. முனையங்களில் சும்மா காத்திருக்கும் நேரத்தை வேலை நேரமாகச் சேர்த்தபோதோ, 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே என்று வரம்பு கட்டியது. படகுத்துறையில் 15 நிமிடம் எந்த மூலைக்கு? அதிலும் நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஓட்டுகிறவருக்குப் படகு தாமதித்தால் அரைநாள் போயிற்று, கூலி ஏறாது. ஜாரவாக்களுக்கு நாடு தரும் பாதுகாப்பின் செலவை டிரைவர் தலையில் கட்டுவது முறையல்ல. படகுத்துறையிலும் கான்வாய் வாசலிலும் நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பேட்டா கொடுங்கள், லாரி உரிமையாளர்களே. சரக்கு அனுப்பும் வியாபாரிகள் அதை வாடகையில் சேர்த்துக் கொடுக்கட்டும்.