நீலிக்குப் பீடம், யக்காவுக்குச் சிரிப்பு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், பார்வதிபுரம் தாண்டியதும் கள்ளியங்காடு. இன்று அங்கே யாரும் யாருக்கும் பயப்படுவதில்லை. ஒரு காலத்தில் ராத்திரி தனியாக அந்த வழி போகிற ஆணை ஒரு அழகி நிறுத்தி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாளாம். விரலால் எடுத்துக் கொடுத்தவன் வீடு திரும்ப மாட்டான். கத்தி முனையில் வைத்து நீட்டியவன் பிழைப்பான். கள்ளியங்காட்டு நீலி என்று மலையாள நாடு முழுக்க அறிந்த யட்சி இவள்தான். 1956 நவம்பர் 1 வரை குமரிக்காரர்களான நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சியோடுதானே இருந்தோம். எல்லை பிரிந்தபோது நீலியை யாரும் பங்கு வைக்கவில்லை.

1979இல் எம். கிருஷ்ணன் நாயர் அவள் பெயரிலேயே ஒரு படம் எடுத்தார். 2025 ஆகஸ்ட் 28இல் டொமினிக் அருண் இயக்கிய ‘லோகா சாப்டர் 1: சந்திரா’ வந்தது. கல்யாணி பிரியதர்ஷன்தான் நீலி. பெங்களூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறாள், ராத்திரி வேலைக்குப் போகிறாள், ரத்தப் பொட்டலத்தை உறிஞ்சுகிறாள். பழங்கதையில் பேய்களை அடக்கும் பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் இங்கே அவளை ஆணியடித்து மரத்தில் பூட்டவில்லை. ஆளாக்கி வேலை கொடுக்கிறார். தியேட்டரில் நீலியின் பெயர் வந்த கணம் விசில் பறந்தது. பின்வரிசையில் ஒருவர், “நம்ம ஊருப் பிள்ளையாக்கும்” என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார். பேயைப் பார்த்து இப்படிச் சொல்லும் ஊர் வேறு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

படம் எனக்குப் பிடித்தது. குறையும் உண்டு. படத்து நீலி ஒரு மலைவாழ் குடியின் சிறுமி. அரசனின் ஆட்கள் அவளுடைய சனங்களை அழிக்கிறார்கள். குகையில் வௌவால் கடித்து அவள் வேறொன்றாகிறாள். எங்கள் வில்லுப்பாட்டு நீலிக்கு இவ்வளவு பெரிய எதிரி தேவைப்படவில்லை. அவள் நம்பிப் போன ஒருத்தன், நகைக்காக, கள்ளி நிழலில் வைத்து அவளைக் கொல்கிறான். மறுபிறவியில் அவன் வணிகன். அவள் கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன்தான் என் புருசன் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து நிற்கிறாள். பெரியவர்கள் அவளை நம்பிவிடுகிறார்கள். அந்தப் பஞ்சாயத்துக் காட்சிக்கு ஈடாகப் படத்தில் எதுவும் இல்லை. அரசனின் வாளைவிட, கட்டிய பொய்யை ஊரே நம்புவதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

ஆரல்வாய்மொழிக்குப் பக்கம் முப்பந்தலில் இவள் இசக்கியம்மன். சிலையில் ஒரு பிள்ளை கையில், இன்னொன்று வாயில். அதே அம்மனிடம்தான் பிள்ளை வரம் கேட்டு மண் பொம்மையும் தொட்டிலும் வைக்கிறார்கள். கோயில் கொடையன்று வில்லுப்பாட்டு அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டி, அவள் பிறந்ததிலிருந்து பாடிக்கொண்டு வருவார். கொலைப்பாடு வரும்போது உடுக்கும் குடமும் வேகமெடுக்கும். சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் இறங்கும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் குமரி மாவட்ட வில்லுப்பாட்டைப் பற்றி 1988இல் எழுதிய நூலின் மையமே இதுதான்: அநியாயமாகச் செத்த கதையைப் பாடும்போதுதான் தெய்வம் வந்து இறங்குகிறது. ‘வெட்டுப்பட்ட வாதை’ என்று எங்கள் பக்கம் சொல்லும் தெய்வங்களில் பாதிக்கு இதுவே சரித்திரம். அவர்களை விரட்டுவதில்லை. பீடம் போட்டு உட்கார வைத்து, குறித்த நாளில் படப்புப் போட்டு, நடந்ததை மறுபடி பாடிக் காட்டுகிறோம்.

கடலுக்கு அப்பால், இலங்கையின் தென்கரையில், அம்பலாங்கொட, மாத்தறை பக்கம் சிங்களவர்கள் செய்யும் தொவில் என்னும் பேயோட்டும் சடங்கில் கணக்கு வேறு. அங்கே யக்கா என்னும் பேய்க்கு ஒரு பதவி உண்டு, எல்லையும் உண்டு. யக்காக்களின் அரசன் வெசமுனி ராஜாவின் ஆணைக்கும் புத்தரின் வல்லமைக்கும் கட்டுப்பட்டவன் அவன். நோயாளியைப் பிடிக்கலாம், காணிக்கை கொடுத்தால் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். பொழுது சாய்ந்ததும் யக் பெர மேளம் தொடங்கினால் விடியும் வரை ஓயாது. சன்னி யக்கும சடங்கில் பதினெட்டு நோய்களுக்குப் பதினெட்டு யக்காக்கள். ஊமை, செவிடு, குருடு, நொண்டி என்று ஒவ்வொருவனும் முகமூடியோடு வருவான். மேளக்காரர் அவனை மறித்து, யார் நீ, உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்பார். அவன் தப்புத் தப்பாகப் பதில் சொல்வான், கொச்சையாக உளறுவான், இடறி விழுவான். கூட்டம் சிரிக்கும், நோயாளியும் சிரிக்க வேண்டும். புரூஸ் கேப்ஃபரர் 1983இல் எழுதிய ‘எ செலிப்ரேஷன் ஆஃப் டீமன்ஸ்’ நூலில் இந்தக் கேலியை வெறும் இடைவேளைக் கூத்தாகப் பார்க்கவில்லை. நோயாளியை ஆட்டிவைத்த யக்கா சிறுத்துப்போவது அந்தச் சிரிப்பில்தான்.

தமிழ்ப் பேய்ப்படங்களிலும் சிரிப்பு உண்டே என்பீர்கள். ராகவா லாரன்ஸின் ‘முனி’ (2007) தொடங்கி ‘காஞ்சனா 3’ (2019) வரை தியேட்டர் அதிரச் சிரித்தவன்தான் நானும். ஆனால் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? இருட்டினால் அம்மாவின் இடுப்பில் தாவி ஏறும் கதாநாயகனைப் பார்த்து. பேயாக வரும் காஞ்சனாவைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் கதை தொடங்கியதும் தியேட்டர் அடங்கிவிட்டது. பயப்படுகிறவனைக் கேலி செய்வோம், பேயை மாட்டோம். சுந்தர் சி.யின் ‘அரண்மனை’ வரிசையும் பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் ஓடுகிறது. வில்லுப்பாட்டின் கொலைப்பாடுதான் சினிமாவில் ஃப்ளாஷ்பேக் ஆகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இலங்கை யக்காவுக்கு முன்கதையே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. பெண்களையும் கைக்குழந்தைகளையும் பிடிப்பவன் கலு குமாரயா. ஒரு கதைப்படி அவன் கஜபாகு மன்னனின் வீரன் நீலன். பெண்கள் மட்டும் வாழும் தேசத்துக்குப் போய், அவர்கள் பிய்த்துப் போட்டதில் செத்தவன். கொடூரமான சாவுதான். ஆனாலும் அவனுக்கான ரட்ட யக்கும சடங்கு அந்தச் சாவுக்கு நியாயம் கேட்பதில்லை. கர்ப்பிணியையும் பிள்ளையையும் அவன் பிடியிலிருந்து மீட்பதே அதன் வேலை. ஆடுகிறவர் பெண் வேடமிட்டு ஒரு பொம்மைக் குழந்தையைத் தாலாட்டுவார். முப்பந்தலில் வைக்கும் மண் பிள்ளை எனக்கு உடனே ஞாபகம் வந்தது. இரண்டு பொம்மைகளும் ஒரே ஆசைக்கு. ஒன்றைப் பிள்ளை தின்னும் தெய்வத்திடமே கொடுக்கிறோம், மற்றதை யக்காவின் கண்ணெதிரே தாலாட்டுகிறார்கள்.

கலு குமாரயாவை வைத்து ஜயந்த சந்திரசிறி 2018இல் ‘கரசர்ப’ எடுத்தார். அதற்கு இரண்டாம் பாகம் எழுதச் சொன்னால் எனக்குத் திண்டாட்டமாகிவிடும்: காணிக்கை வாங்கி விடைபெற்றவனை எந்த முகாந்திரத்தில் கூப்பிடுவது? நீலிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவளை யாரும் அனுப்பவே இல்லை. கொடைக்குக் கொடை வந்து பழகியவள். பாகம் பாகமாக எடுக்க இவளைவிட வசதியான பேய் கிடைக்காது.

‘லோகா’வின் அடுத்த பாகம் டொவினோ தாமஸ் நடிக்கும் சாத்தனுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். நீலி அதில் பத்து நிமிடமாவது வரட்டும். வந்தால், பெங்களூர் மாடிகளை விட்டு இறங்கி, ஆரல்வாய்மொழிக் காற்றாடிகளுக்குக் கீழே, இடுப்பில் கள்ளிக் கொப்போடு ஒரு பஞ்சாயத்து முன்னால் நிற்கட்டும். முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுக்கிறேன்.