கோடு போட்டால் ரோடு ஆகுமா?

எங்கள் ஊர் குச்சனூர். பேரைச் சொன்னதும் நீங்கள் கேட்கப்போவது தெரியும். ஆமாம், அதே சனீஸ்வரர் கோயில் ஊர்தான். சனிக்கு ‘மந்தன்’ என்று ஒரு பேர் உண்டு. மெதுவாகப் போகிறவன் என்று அர்த்தம். ஒரு ராசியைத் தாண்டவே இரண்டரை வருஷம் எடுத்துக்கொள்கிறவரின் ஊர்க்காரன் இந்த வாரம் கார் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளாக ஒரு பொழுதுபோக்கு பரவிவருகிறது. இப்போது இல்லாமல் போன பந்தயத் தடத்தின் பழைய வரைபடத்தை எடுத்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒட்டி, ‘இதோ, இங்கேதான் ஓடினார்கள்’ என்று சிவப்புக் கோடு போடுவது. நண்பர் ஒருவர் அப்படியொன்றைச் சோழவரத்துக்குப் போட்டு அனுப்பியிருந்தார். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து என்னவோ உறுத்தியது.

சோழவரம் தெரியாதவர்களுக்கு: சென்னைக்கு வடக்கே, கல்கத்தா போகும் ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் தாண்டி வரும் ஊர். குடிதண்ணீர் ஏரியால் இன்றைக்குப் பிரபலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று அங்கே உண்டு. போர் முடிந்து விமானங்கள் போனதும், 1950-களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. மகாராஜாக்கள் ஓட்டினார்கள். கோயம்புத்தூர் கரிவர்தன் ஓட்டினார். 80-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா (அப்போது அவர் துரத்தியது மற்ற கார்களை மட்டும்தான்) பழைய என்சைன் எஃப்-1 காரோடு வந்தார். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. சோழவரம் கதை முடிந்தது.

இப்போது கோட்டுக்கு வருவோம். சிங்கப்பூரில் 1961-லிருந்து 1973 வரை தாம்சன் ரோட்டில் கிராண்ட் பிரீ நடந்தது. சுமார் 4.8 கிலோமீட்டர், பொது ரோடு, ஏழு உயிர்களைக் குடித்த தடம். ‘சாத்தான் வளைவு’ என்றே ஒரு திருப்பத்துக்குப் பேர். அந்த ரோட்டில் ஒரு பகுதி இன்றைக்குக் காட்டுக்குள் அமைதியாகக் கிடக்கிறது, குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே சிவப்புக் கோடு போட்டால் சரியாகப் பொருந்தும், ஏனென்றால் ரோடுதான் தடம். இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸும் அப்படித்தான். 1907-ல் கட்டிய சாய்வுச் சுவரின் துண்டுகள் இன்றும் நிற்கின்றன. தொட்டே பார்க்கலாம்.

விமான ஓடுபாதை அப்படியா? அது வெறும் தரை. எங்கே திரும்ப வேண்டும் என்பதை வைக்கோல் கட்டும் எண்ணெய் பீப்பாயும் தீர்மானிக்கும். பீப்பாயைப் பத்தடி நகர்த்தினால் தடமே வேறு. சில்வர்ஸ்டோனைப் பாருங்கள். அதுவும் போர்க்கால விமானத்தளம்தான். 1948-ல் முதல் கிராண்ட் பிரீ ஓடுபாதைகளின் மேலேயே நடந்தது. அடுத்த வருஷமே அதைக் கைவிட்டு, சுற்றுப்பாதைக்குப் போய்விட்டார்கள். அதே தரை, வேறு கோடு. அப்படியென்றால் சோழவரத்துக்குப் போட்ட சிவப்புக் கோடு எந்த வருஷத்துக் கோடு? நண்பரின் படத்தில் வருஷமே இல்லை. என் முதல் புகார் இதுதான்.

நான் பி.காம். அந்தப் பாஷையில் சொல்கிறேன். நிலம் ஐந்தொகையில் இருக்கும். பந்தயம் நாளேட்டில்தான் இருக்கும். ஐந்தொகையைப் புரட்டி, அன்றைக்குக் கடையில் எவ்வளவு கூட்டம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

இரண்டாவது புகார் கொஞ்சம் பெரிசு. அதைக் கிளப்பியவர் என் தாய்மாமா. செங்குன்றம் அரிசி மண்டிக்கு லாரி ஓட்டியவர், சோழவரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் பார்த்தவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது போனில் படத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன மாப்ள இது, கோமணம் காயப்போட்ட மாதிரி இருக்கு?”

“கார் ஓடுன தடம் மாமா.”

“நான் எங்க இத பார்த்தேன்? ஒரு முக்குல நின்னேன். சத்தம் மொதல்ல வரும், அப்புறம் புழுதி, அதுக்குள்ள வண்டி போயிரும். மிச்சமெல்லாம் எவன் கண்டான்!”

யோசித்துப் பாருங்கள். பார்க்க வந்தவனுக்குத் தடம் என்பது ஒரே ஒரு முக்கு. ஓட்டியவனுக்கோ கண்ணுக்கு முன்னால் வரும் அடுத்த திருப்பம். மேலேயிருந்து முழுத் தடத்தையும் பார்த்தவை சோழவரத்துக் காக்காய்கள் மட்டும்தான். யாருமே பார்க்காத ஒரு காட்சியைத்தான் நாம் ‘மீட்டெடுத்துவிட்டோம்’ என்று கொண்டாடுகிறோம்.

எங்கள் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும். தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான் மாடு, பெரிய மாடு என்று வரிசையாகப் பிரிவுகள். ஓடுவது சாதாரண ரோட்டில்தான். மறுநாள் காலையில் அதே ரோட்டில் டவுன் பஸ் போகும். 2014-ல் உச்ச நீதிமன்றத் தடையில் நின்று, 2017 சட்டத்துக்குப் பிறகு திரும்ப வந்தது. அந்த மூன்று வருஷமும் ரோடு அங்கேயேதான் இருந்தது. பந்தயம்தான் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் இந்த வித்தியாசம் தெரியுமா?

2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் பந்தயம் விட்டார்களே, அதுவும் முடிந்ததும் ரோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குச் சாட்சியாக ஆயிரக்கணக்கான செல்போன் வீடியோக்கள் உண்டு. சோழவரத்துக்குச் சாட்சி, அங்கே நின்ற ஆட்கள்தான். 1960-களில் இருபது வயதில் பார்த்தவர்களுக்கு இப்போது எண்பது வயது. கோடு போடுகிற நண்பர்களே, கம்ப்யூட்டரை மூடிவிட்டு முதலில் இவர்களிடம் போங்கள். எந்த பஸ்ஸில் வந்தீர்கள், எந்தப் பக்கம் நின்றீர்கள், தாகத்துக்கு என்ன குடித்தீர்கள் என்று கேளுங்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ஐம்பது புள்ளி சேர்ந்தால் எந்த முக்கில் கூட்டம் நெரிந்தது என்று தெரியும். அந்தப் படத்தை நான் காசு கொடுத்து வாங்குவேன்.

முதல் புள்ளியை மாமாவிடமே வைக்கச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்து, கட்டை விரலை அழுத்தி வைத்தார். விரலை எடுத்ததும் பார்த்தால் புள்ளி சோழவரம் ஏரிக்குள் இருந்தது.

“மாமா, இது தண்ணி.”

“அப்ப வத்திக் கெடந்துச்சோ என்னமோ” என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் புள்ளியை நான் இன்னும் அழிக்கவில்லை.