பிளொப்பியின் ‘கர்ர்’

பிலிமத்தலாவையில் கண்டி வீதியோரப் பித்தளைப் பட்டறைகளின் உளிச் சத்தம் கேட்டுப் பழகிய காது என்னுடையது. அதனாலோ என்னவோ, யூஎஸ்பி வயரில் தொங்கும் வெளி பிளொப்பி டிரைவின் ஓசையும் பிடித்துப்போயிற்று. தட்டைச் செருகியதும் ஒரு ‘டக்’. பிறகு மோட்டாரின் மெல்லிய முனகல். அதன்மேல், வாசிக்கும் தலை தடம் தடமாக நகரும் ‘கர்ர், கர்ர்’. அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கர்ரென்றால், அங்கே வாசிக்க முடியவில்லை என்பது திரைக்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

செருகுமுன் உலோக மூடியை விரலால் விலக்கிப் பார்ப்பதும் ஒரு சுகம்: கரும்பழுப்புத் தகட்டில் மலைநாட்டு ஈரம் பூஞ்சை பூக்கவைத்திருந்தால் அது தலையையும் அழுக்காக்கிவிடும். லினக்ஸில் பழைய ஞாபகத்தில் டிரைவை எஃப்டி0 என்று தேடினால் ஆள் அகப்படாது. யூஎஸ்பி வழியாக வந்தவர் பென் டிரைவ் போல எஸ்டிபி, எஸ்டிசி என்று ஏதாவது ஒரு பெயரில் உட்கார்ந்திருப்பார். கேர்னல் எழுதும் வரிகளை வாசித்தால் பிடித்துவிடலாம். பழுதான தட்டிலிருந்து தரவை மீட்கும் நிரலான டிடிரெஸ்கியூவின் நிதானம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்கிறது. முரண்டுபிடிப்பவற்றிடம் பிறகு, கோபமில்லாமல், திரும்பி வருகிறது. 1.44 மெகாபைட்டுக்கு இவ்வளவு நேரமா என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும்.